1854 கடிதத்தில் 'கிராஸ் சிட்டி, மிசிசிப்பி': எந்த ஊர்?

அது இன்றைய கொரிந்த். மொபைல்–ஒஹையோ, மெம்பிஸ்–சார்ல்ஸ்டன் ரயில் பாதைகள் குறுக்கிட்ட இடத்தில் 1853-ல் முளைத்த ஊர். 1855-ல் பெயரை மாற்றிவிட்டார்கள். வரைபடத்தில் சிக்காதது அதனால்தான்.

கடிதத்தில் வருபவரை 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், அப்போது ஊரே இல்லை. 1860-ஐப் பாருங்கள், அதுவும் டிஷமிங்கோ கவுண்டியில். கொரிந்த் இன்று இருக்கும் ஆல்கார்ன் கவுண்டி பிரிந்தது 1870-ல்தான்.

பருத்திப் பொதி போன அதே தண்டவாளத்துக்காகத்தான் 1862-ல், அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடக்கு, தெற்கு என இரு படைகளும் மோதின. காலி ரயில் வரும்போதெல்லாம் தெற்குப் படைத் தளபதி போரிகார்ட் தன் ஆட்களை ஆரவாரம் போடவைத்தார். உதவிப்படை வருகிறதென்று எதிராளி நம்ப, இவர் ராவோடு ராவாக நழுவிவிட்டார். பலே கில்லாடி!

ஒன்று கவனம்: புளோரிடாவிலும் ஒரு கிராஸ் சிட்டி உண்டு. தேடுவது அடிமையாக இருந்தவரை என்றால், 1860 கணக்கெடுப்பின் தனி அடிமைப் பட்டியலில் பெரும்பாலும் பெயர் இருக்காது. உரிமையாளர் பெயரின் கீழ் வயதையும் பாலினத்தையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.