தொடை எரியுதே, நிறுத்திவிடவா?

கேள்வி: சுவிஸ், பேர்னில் இருக்கிறேன். வயது 57. பன்னிரண்டு வருடமாகப் பனிச்சறுக்குக்குப் போகிறேன். இப்போது மதியத்துக்குள் தொடை எரிகிறது. தினமும் ஓடியும் பலனில்லை. நிறுத்திவிடவா?

பதில்: ஏன் நிறுத்த வேண்டும்? ஜப்பானின் கெய்சோ மியுரா 99 வயதில் ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் மலைப்பகுதியில் சறுக்கியவர். அவர் மகன் யூய்சிரோ, கணுக்காலில் எடை கட்டி, முதுகில் பாரம் சுமந்து நடந்தே தயாராகி, 2013-ல் 80 வயதில் எவரெஸ்டே ஏறிவிட்டார்.

ஓட்டம் மூச்சுக்கு நல்லது, சரி. ஆனால் சறுக்கும்போது முழங்கால் மடங்கியபடியே தொடை பாரத்தைத் தாங்கி நிற்கிறது, அந்தப் பழக்கம் ஓட்டத்தில் அவ்வளவாக வராது. அதனால் மாடிப்படியில் மெதுவாக இறங்குங்கள், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி போல உட்காருங்கள், பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள் (வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை). பனிக்காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

அப்புறம், பயத்தில் பின்னால் சாய்ந்து சறுக்கினாலும் தொடை எரியும். கீழ்க்காலின் முன்பக்கம் பூட்ஸை அழுத்த வேண்டும். பயிற்சியாளரிடம் ஒருநாள் காட்டுங்கள், பன்னிரண்டு வருடப் பழக்கம் தானாகத் திருந்தாது. களைத்த பிறகு 'கடைசியா ஒரு தடவை' மட்டும் வேண்டாம். முழங்காலே வலித்தால் முதலில் டாக்டர்.