மண்டபம் கேம்ப்பில் பிறந்த மருமகள்: பேரன் எந்த நாட்டுக்காரன்?

கேள்வி: என் மகன் விசைப்படகில் கடலுக்குப் போகிறான். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் 1996-இல் பிறந்த பெண்ணை 2019-இல் கட்டினான். பேரனுக்கு மூன்று வயது. மருமகள் பெயரை எங்கள் ரேஷன் கார்டில் சேர்த்தால் மகனின் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் நின்றுவிடும், பேரனும் அகதிதான் என்று ஊரில் மிரட்டுகிறார்கள். "கேம்ப்காரங்க மாசம் இருபதாயிரம் வாங்குறாங்க, எல்லாம் நம்ம காசு" என்று வேறு பேச்சு. ஐயாயிரம் கொடுத்தால் மருமகளுக்கு வாக்காளர் அட்டை எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?
- தங்கச்சிமடம் வாசகி

பதில்: அம்மா, முதலில் அந்த ஐயாயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஊர்ப்பேச்சு எதுவும் உங்களைச் சிறைக்கு அனுப்பாது, இது அனுப்பும். மருமகளிடம் ஆதார் இருந்தாலும், அது இங்கே வசிப்பவருக்குக் கிடைப்பது. அது குடியுரிமைக்குச் சான்றல்ல என்று ஆதார் சட்டமே சொல்கிறது. வாக்காளர் படிவத்தில் 'நான் இந்தியக் குடிமகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொய்யென்றால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆவது பிரிவில் ஓராண்டு வரை தண்டனை உண்டு. மாட்டிக்கொள்வது மருமகள்தான், புரோக்கர் அல்ல.

இருபதாயிரக் கதைக்கு வருகிறேன். முகாமில் அரசு தரும் பணக்கொடை, 2021-இல் உயர்த்திய பிறகு, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 500. தாய், தகப்பன், இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் 3,500 ரூபாய். இதற்கும் மீனவர் பணத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 61 நாள் தடைக்கால நிவாரணத்தை 5,000-இலிருந்து 8,000 ஆக்கி 2023-இல் அறிவித்ததே மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான். கேம்ப்புக்குப் பக்கத்திலேயே இருந்து கேட்டவர்கள் இப்படிப் பேசுவதுதான் வேடிக்கை. உங்கள் மகன் இந்தியர், கடல்தொழில் செய்பவர். நிவாரணம் அதற்காக வருகிறது. மனைவி எந்த நாட்டவர் என்பதற்கு அதில் வேலையில்லை.

பேரன் விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். 3-12-2004 முதல் இந்தியாவில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. மருமகள் சட்டவிரோதக் குடியேறியா? செல்லத்தக்க கடவுச்சீட்டு முதலிய ஆவணங்கள் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த, அல்லது அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கிவிட்ட வெளிநாட்டவர் என்பது சட்டத்தின் விளக்கம். அவருடைய அப்பா அம்மா படகில் வந்திருக்கலாம். அவர் இங்கேயே பிறந்தவர், எங்கிருந்து நுழைந்தார்? என் வாதம் இதுதான். அலுவலர்கள் சட்டென்று ஒப்புக்கொள்வார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட அந்தத் தாள் வேண்டும். வாய்ப்பேச்சாகத் திருப்பி அனுப்பியதை மட்டும் வைத்து வழக்கு நடத்துவது கடினம்.

(1-7-1987-க்கு முன் முகாமில் பிறந்தவர் உங்கள் சம்பந்தி வீட்டில் யாராவது இருந்தால் அவர் பிறப்பாலேயே இந்தியர். 1986-இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது.)

கல்யாணம் ஆனதாலேயே மருமகள் குடிமகளாகிவிடவில்லை. குடியுரிமைச் சட்டம் 5(1)(இ) பிரிவில், இந்தியரை மணந்து ஏழு ஆண்டுகள் இங்கே வசித்தவர் பதிவு கோரலாம். ஏழு ஆண்டு என்பது வசிப்புக்குத்தான், தாலி கட்டிய நாளிலிருந்து எண்ண வேண்டியதில்லை. இங்கும் அந்தச் 'சட்டவிரோதக் குடியேறி' கேள்வி குறுக்கே வரும், பதிலும் மேலே சொன்னதுதான். திருமணத்தை இன்னும் பதியவில்லையென்றால் முதல் வேலை அது. இல்லாமல் எந்த மனுவும் நகராது.

ரேஷன் கார்டுக்கு வருவோம். முகாமில் பணக்கொடை வாங்கிக்கொண்டே உங்கள் கார்டிலும் பெயரை ஏற்றுவது கூடாது.  அவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்றால் முகாம் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பெயரைச் சேர்க்க முடியுமா என்று வழங்கல் அலுவலகத்தில் கேட்டு மனுச் செய்யுங்கள். ஆனால் முகாமில் பெயரை எடுக்கும் முன், அவருடைய குடும்பப் பதிவின் நகலைக் கையெழுத்து, முத்திரையோடு வாங்கிப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்ததற்கு நாளை நீதிமன்றத்தில் காட்ட அதைவிடப் பெரிய ஆவணம் உங்களிடம் இருக்காது.