செல்போனும் சந்தேகமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (பெயர் வேண்டாம், திருப்பூர்): என் கணவர் திடீரென்று போன் லாக்கை மாற்றிவிட்டார். வாட்ஸ்ஆப்பில் ராத்திரி 2 மணிக்கு ‘லாஸ்ட் சீன்’ காட்டுகிறது. தெரிந்த மொபைல் கடைக்காரர், “அவர் போனில் ஒரு ஆப் போட்டுத் தருகிறேன், எல்லாமே உங்கள் போனுக்கு வந்துவிடும்” என்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்த 2 மணியைப் பார்ப்போம். அந்த நேரத்தில் வாட்ஸ்ஆப் திறந்திருந்தது என்பதற்கு மேல் ‘லாஸ்ட் சீன்’ எதையும் சொல்லாது. தூக்கம் வராமல் சொந்தக்காரர் குரூப்பில் வந்த வீடியோவைப் பார்த்தாலும் அதே 2 மணிதான். வேறொருவரின் ‘ஆன்லைன்’ நேரத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ராத்திரியில் எத்தனையோ பேர் ஆன்லைனில்தான் இருக்கிறார்கள். லாக்கை மாற்றியது கேட்க வேண்டிய விஷயம்தான். அதை அவரிடமே கேளுங்கள்.

இனி அந்த ஆப். அதைப் போட வேண்டுமானால் உங்கள் கணவரின் போனில் ‘பிளே புரொடெக்ட்’ பாதுகாப்பை அணைத்து, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஒரு ஃபைலை இறக்கி, ‘அக்சஸிபிலிட்டி’ அனுமதி, அதாவது திரையில் இருப்பதைப் படிக்கும் அனுமதி, கொடுப்பார்கள். அதன்பிறகு திரையில் வருவதெல்லாம், வங்கி ஓடிபி உட்பட, முகம் தெரியாத யாரோ ஒருவரின் சர்வருக்கும் போகும். போலந்தைச் சேர்ந்த ‘லெட்மீஸ்பை’ என்ற உளவு ஆப் 2023 ஜூனில் ஹேக் செய்யப்பட்டு, அதில் சேர்ந்திருந்த மெசேஜ், அழைப்பு, இருப்பிட விவரங்கள் திருடுபோயின. அந்த ஆகஸ்டோடு அது கடையை மூடியது. உங்கள் குடும்ப விஷயமும் அப்படி ஊர் சுற்றலாம்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. அனுமதியில்லாமல் ஒருவரின் போனுக்குள் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-வது பிரிவில் போனுக்குரியவர் இழப்பீடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கம் நிரூபணமானால் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். மனைவிக்கென்று தனி விலக்கு கிடையாது.

கேள்வி (ஒரு வாசகர், கோவை): அலுவலகத்தில் இருப்பதாக மனைவி சொன்னார். கூகுள் மேப்ஸ் 2 கிலோமீட்டர் தள்ளிக் காட்டியது. பொய்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள். கான்கிரீட் கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்காது. அப்போது போன் வைஃபையையும் செல்போன் டவரையும் வைத்து இடத்தை ஊகிக்கும். டவரை மட்டும் நம்பினால் கிலோமீட்டர் கணக்கில் பிசகும். பெயருக்குக் கீழே எத்தனை நிமிடத்துக்கு முன் பதிவான இடம் என்று இருக்கும், அதையும் பாருங்கள். பேட்டரி சேமிப்பில் கிடக்கும் போன், பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி (பெயர் வேண்டாம், மதுரை): தோழிக்கு வாட்ஸ்ஆப்பில் எழுதியதை என் கணவர் வரி பிசகாமல் திருப்பிச் சொல்கிறார். ஒரு முறை ரீசெட் போட்டும் தொடர்கிறது. எப்படி?

பதில்: உளவு ஆப் என்று பயப்படுவதற்கு முன், வாட்ஸ்ஆப் செட்டிங்ஸில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பகுதியைத் திறங்கள். ஒரு கணக்கை போனோடு சேர்த்து இன்னும் 4 கருவிகளில் திறந்து வைக்கலாம். போனின் பின் நம்பர் தெரிந்தவர், அல்லது கைரேகை பதிந்தவர், கையில் அது அரை நிமிடம் கிடைத்தால் போதும், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து தன் கருவியில் இணைத்துவிடலாம். உங்களிடம் கம்ப்யூட்டரே இல்லாதபோது அங்கே ‘குரோம், விண்டோஸ்’ என்று ஒரு வரியும் நேற்றைய நேரமும் இருந்தால், விஷயம் அதுதான். அதைத் தட்டினால் ‘லாக் அவுட்’ வரும்.

ஆனால் அதை மட்டும் செய்தால் மறுநாளே திரும்ப இணைத்துவிடுவார். வரிசை முக்கியம். முதலில் போனின் பின் நம்பரை மாற்றுங்கள். கைரேகைப் பட்டியலைத் திறந்து உங்களுடையதல்லாத விரல்களை நீக்குங்கள். போன் வாங்கிய அன்றே ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்று அவர் விரலையும் பதிந்திருப்பார்கள், பலருக்கு அது நினைவிலேயே இருக்காது. அடுத்து வாட்ஸ்ஆப்பில் லாக் அவுட் செய்து, 6 இலக்க இரட்டைச் சரிபார்ப்பு எண்ணைப் போடுங்கள்.

பிறகு ஜிமெயில். ரீசெட் போட்டும் ரகசியம் வெளியே போகிறதென்றால், ஓட்டை போனில் இல்லாமல் கணக்கில் இருக்கலாம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியலைப் பாருங்கள். உங்கள் பழைய போன் அவர் மேஜையில் கிடந்தால், உங்கள் போட்டோவும் தொடர்பு எண்களும் அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டை மாற்றும்போது மீட்பு எண்ணையும் கவனியுங்கள். அது அவருடைய நம்பராக இருந்தால் புதுப் பாஸ்வேர்டை அவரே மாற்றிக்கொள்வார். மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு, போன் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் (அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்புவது), அக்சஸிபிலிட்டி, நோட்டிஃபிகேஷன் அனுமதி, டிவைஸ் அட்மின் (போனைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பெற்ற ஆப்கள்) பட்டியல்கள் ஆகியவற்றில் தெரியாத பெயர் ஏதும் இருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் ‘சேஃப்டி செக்’ என்ற பகுதியே பெரும்பாலானதைக் காட்டிவிடும்.

ஒன்று கவனம். நீங்கள் துண்டித்த அடுத்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிடும். கை நீட்டுகிற மனிதர் என்றால் இப்போது எதையும் தொடாதீர்கள். அந்தத் திரைகளை வேறொரு போனில் படம் எடுத்துவைத்து, வேறொருவரின் போனிலிருந்து பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். ஒரு பெண்ணின் மின்னணுத் தொடர்புகளைக் கண்காணிப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவில் குற்றம். முதல் முறைக்கு 3 ஆண்டு வரை சிறை.

கேள்வி (ஒரு வாசகர், நாமக்கல்): மனைவியின் 6 மாத கால் லிஸ்டை எடுத்துத் தருவதாக ஒரு துப்பறியும் ஆள் சொல்கிறார். விவாகரத்து வழக்கில் உதவுமா?

பதில்: அதை அவர் சட்டப்படி எடுக்கவே முடியாது. காவல்துறை போன்ற அதிகாரம் பெற்றவர்களோ நீதிமன்றமோ கேட்டால்தான் கால் லிஸ்ட் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கினால் நீங்களும் வழக்கில் சிக்கலாம். இதே போன்ற ஒரு விவகாரத்தில், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அழைப்பு விவரத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

“உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டதே” என்பார்கள். 2025 ஜூலை 14-ல் வந்த தீர்ப்பு, கணவர் தன் மனைவியோடு தானே பேசியதை ரகசியமாகப் பதிவு செய்தது பற்றியது. தம்பதிக்கு இடையிலான வழக்கில் அந்தப் பதிவை ஏற்கலாம் என்றது. மூன்றாம் மனிதரோடு மனைவி பேசியதை ஒட்டுக்கேட்கவோ, கால் லிஸ்டை விலைக்கு வாங்கவோ அது உரிமம் இல்லை.

நேர்வழி ஒன்று இருக்கிறது. வழக்கைத் தாக்கல் செய்தபின், தொலைபேசி நிறுவனத்திடமிருந்து பதிவை வரவழைக்கச் சொல்லி குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போடலாம்; அனுமதிப்பது நீதிபதியின் விருப்பம். நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டு பதிவை வைத்திருக்க வேண்டும் என்பதால் ஒரே வாரத்தில் அது அழிந்துவிடாது. ஆனால் கால் லிஸ்டில் நம்பரும் நேரமும்தான் இருக்கும், பேச்சு இருக்காது. தினமும் 40 நிமிடம் ஒரு நம்பருக்குப் பேசினார் என்பது மட்டுமே தகாத உறவுக்கு ஆதாரமாகிவிடாது. அந்த உறவும் 2018-லிருந்து குற்றம் இல்லை, விவாகரத்துக்கான காரணம் மட்டுமே.

உங்களுக்கே வந்த மெசேஜ்களை வைத்து வாதாடுவதானால், அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் நம்பரும் தேதியும் தெரியட்டும். வெட்டிச் சுருக்கிய படத்தை எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே கிழித்துவிடுவார். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழும் வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். ஃபைலின் ஹாஷ் மதிப்பும் (ஃபைல் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் அடையாளக் குறி) இடம்பெற வேண்டும். பல வழக்குகள் சறுக்குவது இந்தக் காகிதத்தில்தான்.

கேள்வி (பெயர் வேண்டாம், சேலம்): நிச்சயம் முடிந்துவிட்டது. “மறைக்க ஒன்றுமில்லை என்றால் இன்ஸ்டா பாஸ்வேர்டைக் கொடு” என்கிறார் வரப்போகிறவர்.

பதில்: கொடுக்காதீர்கள். அந்த இன்பாக்ஸில் உங்கள் தோழி தன் வீட்டுக் கஷ்டத்தையும் எழுதியிருப்பாள். அதைக் காட்ட உங்களுக்கே உரிமை இல்லை. இதையே அவரிடம் காரணமாகச் சொல்லலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, கணக்கில் உள்ள மெயிலும் நம்பரும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ‘முடியாது’ என்றதும் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை, பத்திரிகை அடிப்பதற்கு முன் வீட்டில் சொல்லிவிடுங்கள்.