காப்ளர் கொடுத்த கை கதவைச் சாத்தலாமா?

கேள்வி: ஆசிரியருக்கு வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் 11 வருடம் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள்கூட முகம் கொடுத்துப் பேசியதில்லை. பெரிய பனிப்புயல் வந்தால் மட்டும் தன் வாசலோடு எங்கள் டிரைவ்வேயையும் சேர்த்துப் பனி தள்ளிவிடுவார். நன்றி சொல்லப் போனால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். போன வருடம் டெக்சஸ் மாநிலம் பிளேனோவுக்கு மாறினோம். சாமான் இறக்கிய அன்றே எதிர்வீட்டு அம்மா ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பீச் காப்ளர் (பழத்தின் மேல் மாவு மூடி அவனில் சுட்ட இனிப்பு) கொண்டுவந்து கொடுத்து, "எப்ப வேணும்னாலும் வாங்க" என்றார். இதுவல்லவோ பண்பு என்று மகிழ்ந்து, ஒரு சனிக்கிழமை மாலை குடும்பத்தோடு போய் நின்றோம். வாசலிலேயே பத்து நிமிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசினார், என் மனைவியைப் பார்த்து 'பிளெஸ் யுவர் ஹார்ட்' என்றார், கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய பாத்திரம் இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. வடக்கத்தியான் முரடன், தெற்கத்தியான் வேஷக்காரன் என்கிறார் என் நண்பர். அமெரிக்காவில் எந்தப் பகுதி மக்கள்தான் உண்மையில் பழக இனியவர்கள்?
– ஒரு வாசகர், பிளேனோ

பதில்: ஒரு குறுக்குக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். எடிசன்காரர் பெயர் என்ன? 11 வருடத்தில் ஒரு தடவையாவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவர் பெயரும் இல்லை, காப்ளர் கொடுத்த அம்மாவின் பெயரும் இல்லை. (நாங்கள் நீக்கவில்லை. நீங்கள் எழுதவே இல்லை.)

அடுத்தது அந்தச் சனிக்கிழமை. "எப்ப வேணும்னாலும் வாங்க" என்று தெற்கில் சொல்வது பெரும்பாலும் அழைப்பு இல்லை, விடைபெறும் சொல். நாம் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்கிறோம். அதை நம்பி யாராவது ராத்திரிக்கு நமக்கும் சேர்த்து உலை வைக்கிறார்களா? 'வரேன்' என்றால் 'போகிறேன்' என்பது நம் ஊரில் நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். அந்த மாதிரி, அந்த அம்மாவின் 'வாங்க'வுக்கு 'உங்களைப் பார்த்ததில் சந்தோஷம்' என்று அர்த்தம். நிஜமான அழைப்பு என்றால் அதில் கிழமை இருக்கும், மணி இருக்கும், பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள் என்ற விசாரிப்பு இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் நாலு பேர் வந்து நின்றபோது, மூடிய கதவுக்குப் பின்னால் சத்தம் காட்டாமல் இருந்துவிடாமல் பத்து நிமிடம் நின்று சிரித்துப் பேசி அனுப்பியிருக்கிறார். அன்று அவர் வீட்டுக்குள் என்ன நிலவரமோ, யார் கண்டது.

'பிளெஸ் யுவர் ஹார்ட்' விஷயத்தில் குரலைக் கேட்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது நம் 'பாவம்' மாதிரி ஒரு சொல். காலை உடைத்துக்கொண்டவரைப் பார்த்தும் பாவம் என்போம், எட்டாவது தடவையும் டிரைவிங் டெஸ்டில் தோற்றவரைப் பார்த்தும் பாவம் என்போம். உங்கள் மனைவிக்குக் கிடைத்தது எந்தப் பாவம் என்பது அவருக்கே தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் நண்பரின் தீர்ப்புக்கு வருவோம். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃப்ரெஸ்னோ வளாகத்தில் ராபர்ட் லெவின் என்று ஓர் உளவியல் பேராசிரியர் இருந்தார். 1990-களின் தொடக்கத்தில் தன் குழுவோடு 36 அமெரிக்க நகரங்களில் சின்னச் சின்ன நாடகங்கள் போட்டுப் பார்த்தார். தெரியாமல் விழுந்ததுபோல் பேனாவைக் கீழே போடுவது, காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே போய்ப் பத்திரிகைகளைக் கை நழுவ விடுவது, பார்வையற்றவர் போல ரோட்டோரம் நிற்பது, 'இது உங்கள் கார் பக்கத்தில் கிடந்தது' என்று குறிப்பு எழுதி, தபால்தலை ஒட்டிய கடிதத்தை யாரோ ஒருவரின் கார்க் கண்ணாடியில் வைத்துவிட்டுப் போவது. யார் உதவுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். கடைசி இடம் நியூயார்க் நகரம். உங்கள் நண்பர் இந்த இடத்தில் கை தட்டுவார். தட்டட்டும். தென்கிழக்கின் சிறிய, நடுத்தர ஊர்கள் நல்ல மதிப்பெண் வாங்கின என்பதும் உண்மை.

ஆனால் முதல் இடம் எது தெரியுமா? ராச்செஸ்டர். அதுவும் நியூயார்க் மாநிலம்தான். ஒரே மாநிலத்தில் முதல் ராங்க்கும் கடைசி ராங்க்கும். வடக்கத்தி ரத்தம், தெற்கத்தி ரத்தம் என்ற பேச்செல்லாம் இங்கே உதவாது. லெவின் கணக்கில் எல்லாவற்றையும்விடத் துல்லியமாகப் பொருந்தி வந்தது ஜன நெருக்கடி. ஒரு சதுர மைலுக்குள் எத்தனை பேர் அடைந்து கிடக்கிறார்களோ, அந்த அளவுக்கு முன்பின் தெரியாதவருக்குக் கை நீள்வது குறைகிறது. காலை எட்டரை மணிக்கு மன்ஹாட்டனில் எதிரே வரும் ஒவ்வொருவருக்கும் குட்மார்னிங் சொன்னால் மத்தியானம்தான் ஆபீஸ் போய்ச் சேரலாம்.

அந்த ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒரு கடிதம். நியூயார்க்கில் அப்படி வைத்த கடிதங்களில் ஒன்று, உறையின் ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்து, முதுகில் ஸ்பானிய மொழியில் "பொறுப்பில்லாத" என்ற அடைமொழியோடு ஒரு தாய்வழி வசவும், அதன் கீழே ஆங்கிலத்தில் இன்னொன்றுமாக லெவினுக்கு வந்து சேர்ந்தது. யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருத்தர் அதை எடுத்து, கிழித்து, படித்து, பேனா தேடி, திட்டி எழுதி, அப்புறம் தபால்பெட்டி வரைக்கும் நடந்து போய்ப் போட்டிருக்கிறார்! போடாமல் போயிருந்தால் கேட்க ஆளில்லை. இவர்தான் உங்கள் எடிசன்காரரின் ஒன்றுவிட்ட அண்ணன். வாயில் மரியாதை கிடையாது, வேலை நடந்துவிடும்.

நான் நியூயார்க்குக்குப் புதிதாக வந்திருந்த சமயம், சுரங்க ரயில் நிலையத்தில் குழந்தையை வைத்த தள்ளுவண்டியோடு படிக்கட்டுக்குக் கீழே விழித்துக்கொண்டு நின்றேன். லிஃப்ட் இல்லை. பின்னாலிருந்து ஒருவர் வந்தார். கேட்கவில்லை, சிரிக்கவில்லை. முன்பக்கச் சக்கரத்தைப் பிடித்துத் தூக்கி, "போ, போ" என்பதுபோல் தாடையை அசைத்தார். மேலே போனதும் இறக்கி வைத்தார். நான் 'தேங்க்யூ' சொல்லி முடிப்பதற்குள் ஆள் கூட்டத்தில் காணோம். அவர் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை, தோல்பையின் வார் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பேச்சிலும் இதே கதைதான். மொழியியல் பேராசிரியர் டெபரா டானன் 1978-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு தேங்ஸ்கிவிங் விருந்தின் பேச்சு முழுவதையும் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். ஆறு பேர். டானனையும் சேர்த்து மூவர் நியூயார்க்கில் வளர்ந்தவர்கள், இருவர் தெற்குக் கலிஃபோர்னியர்கள், ஒருவர் பிரிட்டனில் வளர்ந்தவர். நியூயார்க்காரர்களுக்கு அது அருமையான அரட்டை. ஒருவர் பேசும்போதே இன்னொருவர் நடுவில் புகுவது அவர்களுக்கு 'உன் பேச்சில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு' என்பதற்கு அடையாளம். மற்றவர்களோ, பேச இடம் கிடைக்கும் கிடைக்கும் என்று காத்திருந்து ஓய்ந்துபோனார்கள். (நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தால் டானன் நம்மை எந்தக் கட்சியில் சேர்த்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.)

இப்போது வேஷக்காரன் என்ற பட்டத்துக்கு வருகிறேன். தெற்கின் மரியாதை வேஷம் இல்லை. அது வேறு சரக்கு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டவ் கோஹன், ரிச்சர்ட் நிஸ்பெட் குழு 1996-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு குறுகலான நடைவழி. மாணவன் நடந்து வருகிறான். அலமாரி இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் ஒருத்தன் அதை அறைந்து மூடி, தோளால் இடித்து, ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லிவிட்டுப் போகிறான். இடித்தவன் ஆய்வாளர்களின் ஆள் என்பது மாணவனுக்குத் தெரியாது. வடக்கு மாணவர்கள் பெரும்பாலும் 'என்ன ஜென்மமோ' என்று சிரித்துவிட்டுப் போனார்கள். தெற்கு மாணவர்களுக்கு முகம் மாறியது. உமிழ்நீரைச் சோதித்தால் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால், மோதலுக்குத் தயாராவதைக் காட்டும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் இரண்டும் ஏறியிருந்தன.

அதோடு விடவில்லை. அடுத்து அதே நடைவழியில் எதிரே ஒரு மலைபோன்ற ஆளை நேராக நடந்து வரச் சொன்னார்கள். எவ்வளவு தூரத்தில் மாணவன் ஒதுங்கி வழிவிடுகிறான் என்று பார்த்தார்கள். யாரும் சீண்டாத தெற்கத்தி மாணவன் சுமார் 9 அடி தூரத்திலேயே ஒதுங்கினான். எல்லாரையும்விட மரியாதையானவன் அவன்தான். இடி வாங்கித் திட்டு வாங்கிய தெற்கத்தி மாணவன் சுமார் 3 அடி வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். வடக்கத்தி மாணவனுக்குத் திட்டு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவமானத்துக்கு விலை அதிகமான ஊரில், தெரியாமல்கூட யாரையும் அவமானப்படுத்திவிடக் கூடாது என்று 'எஸ் சார், எஸ் மேம்' போட்டுப் பழகுகிறார்கள். உங்கள் முகத்துக்கு எதிரே 'இப்போது வராதீர்கள்' என்று அந்த அம்மாவால் சொல்ல முடியாமல் போனதும் இந்த வளர்ப்பால் இருக்கலாம். ஒருவேளை அவரே ஒஹாயோவிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். டொயோட்டா 2017-இல் தன் வட அமெரிக்கத் தலைமையகத்தைக் கலிஃபோர்னியாவிலிருந்து உங்கள் ஊருக்கு மாற்றியபோது எத்தனை குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்தன! அந்த ஊரில் எல்லாருமே பாதி வந்தேறிகள்தான், உங்களைப்போல.

தெற்கத்தி மரியாதையைப் பற்றிப் பேசினால் மேரி ஹாமில்டனைத் தாண்டிப் போகக் கூடாது. 1963, அலபாமா மாநிலம் காட்ஸ்டன் நீதிமன்றம். சிவில் உரிமைப் போராட்டக்காரரான இந்தக் கறுப்பினப் பெண் சாட்சிக்கூண்டில் நிற்கிறார். வெள்ளைக்காரச் சாட்சி என்றால் மிஸ்டர், மிசஸ், மிஸ். கறுப்பினச் சாட்சி என்றால் வெறும் பெயர். அரசு வழக்கறிஞர் "மேரி" என்று கூப்பிட்டார். "மிஸ் ஹாமில்டன் என்று முறையாகக் கூப்பிடும் வரை பதில் சொல்ல மாட்டேன்" என்று நின்றுவிட்டார் அவர். நீதிமன்ற அவமதிப்பு என்று 5 நாள் சிறை, 50 டாலர் அபராதம். 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்துசெய்தது. மரியாதைக்குப் பேர்போன பூமியில் ஒரு 'மிஸ்' வாங்க வாஷிங்டன் வரைக்கும் போக வேண்டியிருந்தது. உடனே வடக்கு யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். எடிசனிலிருந்து ஒரு மணி நேரக் கார் பயணத்தில் இருக்கிறது பென்சில்வேனியாவின் லெவிட்டவுன். 1957-இல் அங்கே முதல் கறுப்பினக் குடும்பம் குடிவந்தபோது அக்கம்பக்கத்தார் காப்ளர் கொண்டுவரவில்லை. கும்பல் கூடிக் கல்லெறிந்தார்கள். ஆகவே ஓர் ஊர் யாரோடு இனிமையாகப் பழகுகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத மினசோட்டாவையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், நம் பாட்டிமார்கள் தடுமாறாமல் குடித்தனம் செய்யக்கூடிய ஊர் அது. ஏதாவது கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பார்கள், மூன்றாம் தடவைதான் 'உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்' என்று கை நீளும். தட்டில் கடைசித் துண்டு கேக்கை யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியாக வெட்டி எடுப்பார்கள், மிச்சத்தை இன்னொருவர் பாதியாக வெட்டுவார், கடைசியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று தட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும். தொடையைத் தட்டி 'சரி, அப்போ…' என்று எழுந்ததிலிருந்து கார் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆகும். சியாட்டிலைப் பற்றி அங்கே குடியேறியவர்கள் சொல்லும் புகார் வேறு: சிரிப்பார்கள், 'ஒரு நாள் சந்திப்போம்' என்பார்கள், அந்த ஒரு நாள் வரவே வராது.

உங்கள் கேள்விக்கு ராங்க் பட்டியலாகப் பதில் எதிர்பார்த்திருப்பீர்கள். என்னிடம் இல்லை. உங்கள் கடிதத்தில் இருப்பதைத்தான் திருப்பிச் சொல்கிறேன். ஒருவர் 11 வருடம் பேசாமல் உங்கள் வாசலில் பனி தள்ளினார். இன்னொருவர் வந்த அன்றே பேசினார், சொந்தக் கையால் செய்ததைக் கொடுத்தார். இருவரும் அவரவர் ஊர் வழக்கப்படி உங்களுக்குச் செய்தது இருக்கிறது. நீங்கள் அவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. நண்பரின் தீர்ப்புக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை அலமாரியிலிருந்து எடுங்கள். காலியாகத் திருப்பிக் கொடுப்பது தெற்கிலும் அழகில்லை, நம் ஊரிலும் அழகில்லை. கொஞ்சம் ரவா கேசரி கிளறிப் போடுங்கள், முந்திரியில் அவருக்கு அலர்ஜி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். போவதற்கு முன் ஃபோன் பண்ணுங்கள். நம்பர் இல்லையென்றால் தோட்டத்தில் நிற்கும்போது கேட்டு வாங்குங்கள், பெயரையும் சேர்த்து.