முதலில் அந்தக் கரிச் சட்டியை வெளியே வை, மகளே

கேள்வி:

அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 29 வயது. குன்னூரில் இருக்கிறோம். பெரியவன் யு.கே.ஜி. படிக்கிறான். சின்னவளுக்கு இரண்டு வயது எட்டு மாதம். இப்போது மூன்றாவதாக 27 வாரம். கணவர் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறார். டிசம்பர், ஜனவரியில்தான் நாலு காசு பார்க்க முடியும் என்பதால் விடியும் முன் கிளம்பி ராத்திரி பத்து மணிக்கு வருகிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். கிறிஸ்துமஸ், பொங்கல் துணிகள் குவிந்து கிடக்கின்றன. மாமியாருக்கு மூட்டுவலி, எழுந்து நடமாடுவதே கஷ்டம். இந்தப் பனியில் துவைத்த துணி காய்வதில்லை. பிள்ளைகள் மாறி மாறி இருமுகிறார்கள். சின்னவள் என் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். போன வாரம் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.4 என்றார்கள். காலையில் தலைவலியோடுதான் எழுகிறேன். சில நாள் பிள்ளைகளை அடித்துவிட்டு நானே உட்கார்ந்து அழுகிறேன். பார்ப்பவர்கள் எல்லாம் "மூணாவதா? அதுக்குள்ளயா?" என்று கேட்கிறார்கள். அம்மா மேட்டுப்பாளையத்துக்கு வந்துவிடு என்கிறார். கணவர், "பொங்கல் முடியட்டும், இல்லேன்னா வலி வந்ததும் கார்லயே இறங்கிடலாம்" என்கிறார். சின்னவள் பிறந்தபோது வலி எடுத்து மூன்று மணி நேரத்தில் பிரசவம் ஆகிவிட்டது. ராத்திரி அறைக்குள் மாமியார் சட்டியில் கரி நெருப்பு போட்டு வைக்கிறார், அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். இந்த மூன்று மாதத்தை எப்படித் தள்ளுவது?

– பெயர் வேண்டாம், குன்னூர்

பதில்:

அன்பு மகளுக்கு,

ஆறுதல் என்று நீ எழுதியிருக்கிறாயே, அந்த வரிதான் என்னைப் பதறவைத்தது. மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். இன்று ராத்திரியிலிருந்து அந்தக் கரிச் சட்டி அறைக்குள் வரக்கூடாது.

கரி நன்றாகச் சிவந்து, புகை அடங்கிவிட்டால் இனி பயமில்லை என்று நினைக்கிறோம். ஆனால் அந்தத் தணலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. கண் எரியாது, தொண்டை கமறாது. மூச்சோடு உள்ளே போய், ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு இன்னும் மோசம். தாயின் ரத்தத்தில் ஏறுவதைவிட அதன் ரத்தத்தில் அதிகம் ஏறும், இறங்கவும் அதிக நேரம் எடுக்கும். உனக்கு லேசான தலைவலியோடு போய்விட்டாலும் உள்ளே இருப்பது திணறிக்கொண்டிருக்கலாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கரி நெருப்போடு கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியைக் குளிர்காலப் பேப்பர்களில் நீயே படித்திருப்பாய்.

நான் மலையில் நர்ஸாக வேலை பார்த்தபோது, தை மாதக் காலை ஒன்றில் ஒரு கர்ப்பிணியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். தலை பிளக்கிறது, குமட்டுகிறது என்றாள். மாசமாக இருப்பதால் பித்தம் என்று வீட்டில் சுக்குக் கஷாயம் கொடுத்திருந்தார்கள். டாக்டர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல வேற யாருக்காவது தலை வலிக்குதா?" என்பது. கூட வந்த மாமனார் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோளில் கிடந்த குழந்தை வழியிலேயே வாந்தி எடுத்திருந்தது. எல்லோருக்கும் ஆக்சிஜன் வைத்தோம். அந்த வீட்டிலும் சட்டியில் கரிதான்.

நீயும் காலையில் தலைவலியோடு எழுவதாக எழுதியிருக்கிறாய். வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் அந்த வலி விடுகிறதா, வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கிறதா என்று பார். எதுவானாலும் கடிதத்தைப் படித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், கரி நெருப்பு விஷயத்தையும் சொல்லி, பிரஷர் பார்த்துவிடு. கர்ப்பத்தின் இந்தக் கட்டத்தில் தலைவலி ரத்த அழுத்தத்தாலும் வரும். கண் மங்குவது, முகமும் கைகளும் வீங்குவது, மேல் வயிற்றில் வலி என்று எது கூடச் சேர்ந்தாலும் மறுநாளுக்குத் தள்ளக்கூடாது.

"நாங்கல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம்" என்று உன் மாமியார் சொல்லலாம். அவர் சொல்வது பொய்யில்லை. அந்தக் காலத்து ஓட்டு வீட்டில் இண்டு இடுக்கெல்லாம் காற்று வந்து போகும். இப்போது கான்கிரீட் கூரை, கண்ணாடி ஜன்னல், கதவுக்கு அடியில் துணி. உள்ளே வந்தது வெளியே போக வழியே இல்லை. இதை நீ சொன்னால் மருமகள் எதிர்த்துப் பேசியதாக ஆகும். உன் கணவர் சொல்லட்டும். சட்டியை அவரே எடுத்துக் கொல்லைப்பக்கம் வைக்கட்டும். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அதுவும் இதே கதைதான், ஜன்னலைத் திறந்து வைக்காமல் போடக்கூடாது. ஈரத் துணியைக் காயவைக்கவும் அறைக்குள் நெருப்பு வேண்டாம். படுக்கப்போகும் முன் கொஞ்ச நேரம் கரண்ட் ஹீட்டர் போட்டு அணைத்துவிடு. அது இல்லையென்றால் மாமியாருக்கும் உனக்கும் காலடியில் வெந்நீர்ப் பை, கம்பளி சாக்ஸ். பிள்ளைகளை நடுவில் போட்டு எல்லோரும் ஒரே அறையில் படுங்கள். அந்தச் சூடு போதும். நீ ஒருக்களித்துப் படு, எந்தப் பக்கமானாலும் சரி. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்க வேண்டாம்.

அடுத்து அந்த 9.4. உன் அலுப்புக்கும், பிள்ளைகள் மேல் கை நீளுவதற்கும் நீ உன் மனசைக் குற்றம் சொல்கிறாய். ரத்தம் இவ்வளவு குறைவாக இருந்தால் யாருக்கும் பொறுமை மிஞ்சாது. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. குன்னூர் சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் வாழ்கிறவர்களுக்கு ரத்தம் சமவெளிக்காரர்களைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உன் 9.4 இன்னும் குறைவு.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள். நீ அதை எதோடு போடுகிறாய்? டீ எஸ்டேட் ஊரில், இந்தக் குளிரில், ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் டீ போகும் என்று எனக்குத் தெரியும். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமாவது டீ, காபி, பால் எதுவும் வேண்டாம். கால்சியம் மாத்திரையையும் கூடப் போடாதே, ஒன்று காலையில் என்றால் மற்றது ராத்திரி. ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாகப் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஒன்றா இரண்டா என்று டாக்டரிடம் கேள். மாத்திரையில் ஏறவில்லையென்றால் நரம்பு வழியாக ஏற்றுவார்கள், அதற்குப் பயப்படாதே. ரத்தம் குறைவாக இருக்கிறவளுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் போனாலும் தாங்காது. மார்ச் மாதத்துக்குள் இதைச் சரிசெய்வதுதான் இந்தக் குளிர்காலத்தில் உன் முதல் வேலை. பிளவுஸ் எல்லாம் பிறகுதான்.

தையலைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பொங்கலுக்கு ஏற்கெனவே வாங்கி வைத்ததோடு நிறுத்திக்கொள். இனி வருகிறவர்களிடம் சித்திரைக்குப் பிறகு என்று சொல். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். உன் கை அளவு தெரிந்தவர்கள் திரும்பி வருவார்கள். கையில் இருப்பதிலும் வெட்டுவதும் தைப்பதும் மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும். ஹெம்மிங், கொக்கி வைப்பது, ஃபால்ஸ் அடிப்பதையெல்லாம் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குத் துணிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடு. அரை மணிக்கு ஒருமுறை மிஷினை விட்டு எழுந்து நட. கூடவே தண்ணீர் குடி. குளிரில் தாகம் தெரியாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும், அதுவும் இப்போது உனக்கு ஆகாது.

உன் கணவர் நல்லவராகத்தான் தெரிகிறார், ஆனால் வீட்டில் இல்லை. அவரிடம் போய், கொஞ்சம் கூடமாட செய்யுங்களேன் என்று கேட்பதில் பயன் இருக்காது. அப்போதும் எதை, எப்போது என்று நினைவுபடுத்துகிற வேலை உன் தலையில்தான் இருக்கும். முழு வேலையாகக் கொடுத்துவிடு. பெரியவனின் பள்ளிக்கூடம் முழுக்க அவருடையது என்று வை. ராத்திரி வந்ததும் யூனிஃபார்ம், ஸ்வெட்டர், ஷூ, பை எல்லாம் எடுத்து வைப்பது, டைரியைப் பார்ப்பது, ஃபீஸ், அரையாண்டு விடுமுறை எதுவரை என்று தெரிந்துவைத்திருப்பது எல்லாம். ஒரு நாள் சாக்ஸ் இல்லாமல் போனால் போகட்டும், நீ தலையிடாதே. விடியற்காலை வெந்நீர் போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிட்டுத்தான் வண்டி எடுக்க வேண்டும். பனியில் வழுக்கும் படிக்கட்டில் குடம் தூக்குவது, காஸ் சிலிண்டர், ரேஷன் மூன்றும் அவர் பொறுப்பு. மாமியாருக்குக் கால்தான் வலி. உட்கார்ந்தபடி சின்னவளுக்குச் சோறு ஊட்டலாம், கதை சொல்லலாம், துணி மடிக்கலாம். அவரையும் நம்பிக் கொடு.

சில வேலைகளை யாருமே செய்ய வேண்டாம். உறைபனி விழுகிற மாதத்தில் பிள்ளைகளைத் தினமும் குளிப்பாட்டத் தேவையில்லை. வெயில் வந்த மதியத்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

இருமலுக்கு வருகிறேன். பெரியவனுக்கு எழுதிக்கொடுத்த பழைய சிரப் பாட்டில் வீட்டில் இருந்தால் கொட்டிவிடு. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்தில் விஷம் கலந்திருந்தது. இரண்டு வயதுக்குள் சளி, இருமல் மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது சொன்னது. உன் பிள்ளைகளுக்கு ஒரு வயது தாண்டிவிட்டதால் படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் கொடு, வெதுவெதுப்பான தண்ணீர் அடிக்கடி கொடு. சின்னவள் தூங்கும்போது சட்டையைத் தூக்கி மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணு. 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, தண்ணீர் குடிக்க மறுத்தாலோ உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. உனக்கே காய்ச்சல் வந்தால் மருந்துக்கடை மாத்திரை வேண்டாம், டாக்டரைப் பார். ஃப்ளூ தடுப்பூசி போட்டாயா என்று கேள். கர்ப்பிணிகள் போடலாம், போட வேண்டும். சின்னம்மை உனக்கு வந்ததா என்று உன் அம்மாவிடமும் விசாரித்துவை. வராதவள் என்றால், பள்ளியில் யாருக்காவது கண்டதும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இப்போது சின்னவள். இரண்டே முக்கால் வயதுக் குழந்தைக்குப் பாப்பா என்றால் என்னவென்று தெரியாது, அம்மா மாறிக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் தெரியும். அதற்கு மேல் ஊரில் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளி, "தம்பிப் பாப்பா வந்துட்டா உன்னை யாரு பாப்பா?" என்று சீண்டுவார்கள். யாராக இருந்தாலும் அதை நிறுத்தச் சொல். இதில் முகதாட்சண்யம் பார்க்காதே. நீயும், வயிற்றில் பாப்பா இருக்கு, அதனால் தூக்க மாட்டேன் என்று சொல்லாதே. பிறக்காத பிள்ளைமேல் அவளுக்கு அப்போதே வெறுப்பு வந்துவிடும். "அம்மாவுக்கு முதுகு வலிக்குது, வா, உட்கார்ந்துக்கலாம்" என்று மடியில் போட்டுக்கொள். தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லாதவரை தூக்குவதில் தப்பில்லை. குனிந்து எடுக்காமல், குந்தி உட்கார்ந்து அவளை நெஞ்சோடு அணைத்து எழு. படிக்கட்டிலும் காலை ஈரத்திலும் மட்டும் வேண்டாம். அவள் படுக்கையில் மூத்திரம் போகத் தொடங்கினால் திட்டாதே, சில மாதத்தில் சரியாகும். காலை நேரத்தில் பால்வாடிக்கு அனுப்பிப் பழக்கு. உனக்குச் சத்துமாவும் அங்கேதான் வாங்க வேண்டும், கூடவே போய் வா. கை ஓங்கத் தோன்றுகிற நிமிஷத்தில் பிள்ளையை மாமியார் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு வாசலுக்கு வந்து நில். தினமும் அழுகை வந்தால், தூக்கமும் போனால், அதையும் டாக்டரிடம் சொல். பிரஷரைப் போல அதுவும் பார்க்க வேண்டிய விஷயம்.

"மூணாவதா?" என்று கேட்கிறவர்களுக்கு "ஆமாம்" என்ற ஒரு வார்த்தை போதும். பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இரண்டு வருஷமாவது இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உனக்கு அது இருக்கிறது.

கடைசியாக, மேட்டுப்பாளையமா, குன்னூரா என்கிற கேள்வி. வலி வந்ததும் காரில் இறங்கிக்கொள்ளலாம் என்று உன் கணவர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மூன்றாவது பிரசவம் இன்னும் வேகமாக நடக்கலாம். அந்த மலைப்பாதையின் வளைவுகளில், பொங்கல் கூட்டத்து வண்டிகளுக்கு நடுவில், மண் சரிந்து ரோடு அடைத்தால் என்ன செய்வாய்? அம்மா வீட்டில்தான் பிரசவம் என்றால் 36 வாரம் ஆகும் முன்னே, அதாவது ஜனவரி கடைசிக்குள், சின்னவளையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடு. பெரியவன் அப்பாவோடும் பாட்டியோடும் இருக்கலாம். அது முடியாதென்றால் குன்னூர் அரசு லாலி மருத்துவமனையிலேயே பிரசவம் என்று முடிவு செய்து, பொங்கல் முடிந்ததும் உன் அம்மாவை மேலே வரச் சொல். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்லது. பெரியவனின் பள்ளிக்கூடம் கெடாது, உன்னைப் பார்த்துவந்த டாக்டரும் பக்கத்திலேயே இருப்பார். மாதாமாதம் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் பார்க்கும் இலவசப் பரிசோதனை உண்டு. ஜனவரி 9-ஆம் தேதி கணவரையும் கூட்டிப் போ, வண்டிக்கு அன்று லீவு விடட்டும். பிரஷர், ரத்தம், குழந்தை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பிரசவம் எங்கே என்பதை டாக்டர் முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். அதற்குள் பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, நீர் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்காதே. கணவர் ஊட்டியில் சவாரியில் இருக்கிறார் என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடு.