மாம்பழச்சிட்டின் குடும்பம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னிடம் உள்ள பழைய பறவைக் கையேட்டில் மாம்பழச்சிட்டு, பச்சைச்சிட்டு, நீலச்சிட்டு மூன்றும் ஒரே குடும்பம். புதிய பட்டியலில் மூன்றும் தனித்தனிக் குடும்பங்கள். மாம்பழச்சிட்டுக் குடும்பத்தில் மொத்தமே நான்கு இனங்கள். நான்கு பறவைகளுக்கு ஒரு குடும்பம் தேவையா? பழைய கையேட்டை ஒதுக்கிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தேவைதான். குடும்பம் என்பது தலை எண்ணிப் போடுவதல்ல, யாருக்கு யார் உறவு என்று சொல்வது. குளிர்காலத்தில் குஜராத்தின் கட்ச் பக்கம் வந்துபோகும் ஹைப்போகோலியஸ் என்ற பறவை ஒற்றை இனம்தான். அதற்கே தனிக் குடும்பம் இருக்கிறது.

மாம்பழச்சிட்டை எங்கே வைப்பது என்ற குழப்பம் பழையது. 1758இல் அதற்கு அறிவியல் பெயரிட்ட ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ், வாலாட்டிக்குருவிகளின் பேரினத்தில் (குடும்பத்துக்கு உள்ளே வரும் சிறு பிரிவு) சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் பச்சைச்சிட்டோடும் நீலச்சிட்டோடும் சேர்த்தார்கள். மூன்றுமே ஆசியாவின் மரப்பறவைகள், நிறம் எடுப்பானவை, இலைகளுக்குள்ளேயே திரிபவை. யாராக இருந்தாலும் அப்படித்தான் சேர்த்திருப்பார்கள்.

மரபணுவை ஒப்பிட்டதும் கதை மாறிவிட்டது. 1990இல் அமெரிக்கப் பறவையியலாளர்கள் சிப்லியும் ஆல்குவிஸ்டும் வெளியிட்ட வகைப்பாட்டிலேயே மாம்பழச்சிட்டு காகங்களின் பக்கம் போய்விட்டது. அப்புறம் வந்த டிஎன்ஏ ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. காகம், கரிச்சான், கீச்சான் எல்லாம் அதற்குக் கிட்டத்துச் சொந்தம். பச்சைச்சிட்டு தூரத்து உறவு. பச்சைச்சிட்டும் நீலச்சிட்டும் இருப்பது தேன்சிட்டு, சிட்டுக்குருவி இருக்கும் கிளையில். அவை இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கம் என்பதால், ஒரே குடும்பமாக விட்டிருந்தாலும் தவறில்லை என்பது என் எண்ணம். மாம்பழச்சிட்டை மட்டும் அங்கே வைக்க வழியே இல்லை.

பழக்கங்களும் வேறுதான். பச்சைச்சிட்டின் நாக்கு நுனி தூரிகைபோல் பிரிந்து தேன் எடுக்கத் தோதாக இருக்கும். நீலச்சிட்டுக்கு அத்திப்பழம் என்றால் உயிர். மாம்பழச்சிட்டு இலை இலையாகப் பூச்சி தேடும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணைக் கவனியுங்கள். கிளையிலிருந்து விருட்டென்று மேலே எழும்பும். இடுப்பின் நீண்ட மென்தூவிகளைச் சிலிர்த்துக்கொண்டு பந்துபோல உப்பி, நீண்ட சீழ்க்கையோடு சுழன்று சுழன்று பழைய கிளைக்கே இறங்கும். உறவைத் தீர்மானிக்க இது உதவாது என்றாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

கையேட்டை ஒதுக்க வேண்டாம். குடும்பம் மாறியதால் பறவையின் இறகோ குரலோ மாறிவிடவில்லை. அடையாளம் காண அதன் படங்களும் வர்ணனையும் இன்றும் போதும். குடும்பத் தலைப்பை மட்டும் பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள்.