உற்பத்திப் பொறியாளரின் தாள் வேலை

அன்புள்ள ஐயா,

நான் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டில் இருக்கிறேன். சிங்கப்பூரின் சிலேத்தார் பகுதியில் விமான எஞ்சின் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலைப் பயிற்சி முடித்தேன். படிப்பு முடிந்ததும் அங்கேயே உற்பத்திப் பொறியாளராகச் சேரலாம் என்கிறார்கள். ஆனால் அங்கு நான் கண்ட பொறியாளர்கள் செய்முறைத் தாள் எழுதுவதும், திருத்துவதும், அதற்குக் கையெழுத்து வாங்குவதுமாகவே பெரும்பாலும் இருந்தார்கள். வடிவமைப்புக் கணக்கெல்லாம் வெளிநாட்டில் நடக்கிறது. “வரைகிறவன்தான் எஞ்சினியர், மற்றவன் கிராணி, வெறும் எழுத்து வேலைக்காரன்” என்கிறார் என் சித்தப்பா. விமானத்துறை என்றால் உரிமம் வேண்டாமா என்று அம்மா கேட்கிறார். இந்த வேலையில் சேரலாமா?

வே., ஈசூன்

அன்புள்ள வே.,

நீங்கள் பயிற்சியில் கண்டது உண்மைதான். இத்தொழிலில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தாள்கள் இனியும் குறையப்போவதில்லை. அவற்றில் தணிக்கைக்கு வருபவரைத் திருப்திப்படுத்துவதற்கு மட்டுமே இருப்பவையும் உண்டு. அவற்றுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் செய்முறைத் தாள் அந்த வகையைச் சேர்ந்ததன்று. ஒரு பாகம் என்னவாக இருக்கவேண்டும் என்பதை வரைபடம் சொல்கிறது. அதை எந்த வரிசையில், எதைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கருவியால், எவ்வளவு வேகத்தில் செய்வது, செய்தபின் அது சரியாக வந்ததென்பதை எப்படி அறிவது என்பவற்றை வரைபடம் சொல்லாது. அவற்றைத் தீர்மானிக்கும் பொறியியல் முழுவதும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

2010 நவம்பர் 4ஆம் தேதி சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் 32 விமானத்தை உங்கள் சித்தப்பா மறந்திருக்கமாட்டார். 469 பேருடன் ஏறிக்கொண்டிருந்த அந்த ஏ380 விமானத்தின் இரண்டாம் எண் எஞ்சின் வெடித்து, துண்டுகள் பாத்தாம் தீவில் விழுந்தன. விமானம் சாங்கிக்கே திரும்பிப் பத்திரமாக இறங்கியது, ஒருவருக்கும் காயமில்லை. வெடித்தது எஞ்சினின் நடு அழுத்தச் சுழலித் தட்டு, அதாவது சூடான வாயுவால் சுழலும் தட்டுகளில் ஒன்று. ஆனால் ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை போய் நின்ற இடம், பேரிங்குக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் ஒரு சிறு குழாய். அதன் வாய்ப்பகுதியை உட்புறம் அகலமாகக் கடைந்தபோது கடைசல் மையம் தப்பியிருந்தது. அதனால் குழாயின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போயிற்று. மெலிந்த பக்கத்தில் விரிசல் விட்டு எண்ணெய் கசிந்து தீப்பிடிக்க, தட்டு தண்டிலிருந்து கழன்று கட்டுக்கடங்காத வேகத்தில் சுழன்று சிதறியது.

மையம் தப்பியது எப்படி என்பதில்தான் நம் தொழில் இருக்கிறது. எந்தப் பகுதியை டேட்டமாக, அதாவது அளவெடுக்கும் ஆதாரமாக, வைத்து அளக்கவேண்டும் என்று வடிவமைப்பு வரைபடம் குறித்திருந்ததோ அந்தப் பகுதி, வேலையின் அந்தக் கட்டத்தில் கருவிக்கு எட்டும் இடத்தில் இல்லை. ஆகவே உற்பத்திக்கான வரைபடத்தில் எட்டக்கூடிய வேறொரு பகுதி டேட்டமாக வைக்கப்பட்டது. எந்தப் பட்டறையிலும் நடக்கும் காரியம்தான் இது. ஆனால் இவ்விரு பகுதிகளும் ஒன்றுக்கொன்று நகரக்கூடுமா, நகர்ந்தால் எவ்வளவு என்ற கேள்விக்குப் போதிய விடை தேடப்படவில்லை. சோதனையும் மாற்று டேட்டத்தை நம்பியே நடந்ததால் மெலிந்த குழாய் கண்ணில் படாமல் போயிற்று. சிறிய குறைகள் என்று கருதப்பட்டவற்றை எழுதிப் பதியாமல் விடும் வழக்கம் அந்தத் தொழிற்சாலையில் இருந்ததையும் 2013இல் வெளியான அறிக்கை சுட்டியது. குழாயை வரைந்தவர் கணக்கில் பிழையில்லை. பிழை வரைபடத்துக்கும் கடைசல் இயந்திரத்துக்கும் இடையில், நீங்கள் கிராணி வேலையோ என்று ஐயப்படும் அதே தாளில் இருந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் நுட்பமானது. 1996 ஜூலை 6ஆம் தேதி அமெரிக்காவின் பென்சகோலாவில் டெல்டா நிறுவனத்தின் எம்டி-88 விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது ஓர் எஞ்சினின் டைட்டானிய விசிறி மையம் உடைந்து, துண்டுகள் பயணிகள் இருந்த இடத்துக்குள் பாய்ந்து இருவர் இறந்தனர். உற்பத்தியின்போது ஒரு போல்ட்டுத் துளை போடுகையில் சூடு மீறி, துளைச் சுவரின் உலோகம் இறுகிக் கெட்டிருந்தது. டைட்டானியம் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். துளைபோடும் கருவியான துரப்பணத்தின் பள்ளத்தில் உலோகச் சீவல் அடைத்துக்கொண்டு குளிர்விப்புத் திரவம் முனைக்குச் சேராமல் போனால், சில நொடிகளில் அந்த இடம் மட்டும் பழுத்துவிடும். அந்தத் துளையைப் பின்னர் அகலமாக்கி மெருகிட்டும் சேதம் முழுவதும் அகலவில்லை. தொழிற்சாலை ஆய்வில் அது தேறியது; பின்னாளில் பராமரிப்புச் சோதனையில் விரிசலும் தப்பிவிட்டது.

இப்படிப்பட்ட சேதத்தை அளவுமானி காட்டாது. அதனால்தான் சுழலும் பாகங்களுக்கு ஒப்புதல் பெற்ற செய்முறையைப் பூட்டி வைக்கிறார்கள். வேகம், ஊட்டம் (கருவி உலோகத்துக்குள் முன்னேறும் அளவு), கருவியைச் செய்தவர், அது எத்தனை துளைக்குப்பின் மாற்றப்படவேண்டும், திரவத்தின் அழுத்தம் என எதையும் அனுமதியின்றித் தொடமுடியாது. கொள்முதல் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, அதே அளவு, அதே வடிவம், விலை மட்டும் குறைவு, இந்தத் துரப்பணத்தை வாங்கலாமே என்று கேட்பார். அவர் கேட்பதில் தவறில்லை. வாங்கலாம் என்று சொல்வதற்கு முன் சோதனைத் துளைகள் போட்டு, அவற்றை அறுத்து, சுவரை அமில அரிப்புக்குப்பின் நுண்ணோக்கியில் பார்த்து, முடிவை எழுதி, எஞ்சின் நிறுவனத்தின் ஒப்புதலையும் பெறவேண்டும். கையெழுத்து வாங்குவதாக நீங்கள் கண்ட காட்சியின் பின்னால் பெரும்பாலும் இந்த வேலை இருந்திருக்கும்.

சிறிய விஷயம் போலத் தோன்றும் விதிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். எஞ்சினின் வெப்பப் பகுதிப் பாகங்கள்மேல் சாதாரணப் பென்சிலால் குறியிடக்கூடாது என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அந்தக் கோட்டிலுள்ள கரி, பாகம் சூடேறும்போது உலோகத்துக்குள் ஊறி விரிசலுக்கு வழிவிடும். அந்த விதியை ஒருவர் தாளில் எழுதாவிட்டால் பட்டறையில் யாருக்கும் அது தோன்றாது, ஏனென்றால் பென்சில் எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது.

சிங்கப்பூரில் செய்வதெல்லாம் எளிய பாகங்கள் என்றும் எண்ணவேண்டாம். ரோல்ஸ்-ராய்ஸ் 2012இல் திறந்த சிலேத்தார் வளாகத்தில் எஞ்சின் பாகங்களை ஒன்றுசேர்த்துப் பொருத்தியதோடு, உள்ளீடற்ற டைட்டானிய விசிறி இலைகளையும் செய்யத் தொடங்கியது. தகடுகளை அணுவளவில் ஒன்றாகப் பிணைத்து, ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் உள்ளே வாயுவைச் செலுத்தி உப்பவைக்கும் முறை அது. எந்த இடம் பிணையவேண்டும், எந்த இடம் பிணையக்கூடாது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்தாகவேண்டும்; உப்பியபின் உள்ளே கை விட்டுத் திருத்தமுடியாது.

ஆகவே, சேரலாம் என்பது என் கருத்து. உங்களுக்குப் பிடிப்பது பாய்வுக் கணக்கும் உருவமைப்பும்தான் என்றால் சேரவேண்டாம். சித்தப்பாவின் வார்த்தைக்காக மட்டும் மறுக்கவும் வேண்டாம். சேர்ந்தால் முதல் மாதத்தில், அளவு தப்பிய பாகங்கள்மீது எழுதப்பட்ட பழைய குறைபாட்டு அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இயந்திரத்தில் நிற்கும் மூத்தவர்களிடம், தாளில் சொன்னபடி செய்யமுடியாமல் அவர்கள் வேறு வழி பார்க்கும் இடங்கள் எவை என்று விசாரியுங்கள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை என்று தெரிந்தால் சொல்வார்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் தரும் உரிமம், விமானத்தைப் பராமரித்து அது பறக்கத் தகுதியானது என்று சான்றளிப்பவர்களுக்கு உரியது. பாகங்கள் செய்யும் பட்டறையில் பொறியாளராக இருக்க அது தேவையில்லை.